பால் வாங்காத காபிக்கடை

மருமகள் மூக்குக்குக் கீழே தைலம் தடவிக்கொண்டுதான் கடையில் பால் காய்ச்சுகிறாள் என்பது எனக்குத் தெரிய வெகுநாள் ஆனது. மேலே முகக்கவசம் போட்டிருப்பாள். கேட்டால் தூசி உடம்புக்கு ஆகவில்லை என்பாள். பைபாஸ் ஓரத்துக் கடை, லாரி ஓயாமல் போய்க்கொண்டிருக்கும், தூசி இல்லாமல் எப்படி இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த நாட்களில் நான் எதையும் இரண்டாம் தடவை கேட்கிற நிலையில் இல்லை.

கடை என் மகன் வைத்தது. ராசிபுரம் பிரிவு தாண்டி, சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது. அவன் பெங்களூரில் ஒரு காபிக்கடையில் வேலை பார்த்தான். அங்கேதான் மருமகளும் வேலை பார்த்தாள். ஆத்தூர்ப் பெண். கல்யாணம் முடிந்து இரண்டு பேரும் ஊருக்கு வந்து, ஒரு பழைய காபி மிஷினை வாங்கி, இந்தக் கடையைப் போட்டார்கள். பலகையில் கடைப் பெயருக்குக் கீழே ‘எங்கள் தோட்டத்துப் பால்’ என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தான். பொய் இல்லை. நாமகிரிப்பேட்டை ரோட்டில் எங்கள் தோட்டம். இரண்டு கலப்பின மாடுகள் கறக்கின்றன. என் வீட்டுக்காரர் காலையில் கறந்து, கேனை மொபட்டில் கட்டி, நுரை அடங்குவதற்குள் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

பிறகு மகன் போய்விட்டான். வண்டி விபத்து. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

கடை சில மாதம் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் மருமகள் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, “அத்தை, போய்த் திறக்கட்டுமா?” என்றாள். சரி என்றேன். கூடத் துணைக்கு நானும் போனேன். மிஷின் வேலை எல்லாம் அவள். கோப்பை கழுவுவது, மேசை துடைப்பது நான். எனக்குப் பேச வராது. பத்தாவது வரை படித்தேன், அப்போதும் பேச வராது. கடையில் யாராவது ‘அக்கா’ என்று கூப்பிட்டால் கழுவுகிற தொட்டியைப் பார்த்துக்கொண்டே ‘அம்மணிகிட்டக் கேளுங்க’ என்று மருமகள் பக்கம் கையைக் காட்டுவேன். அப்படியே நாள் போயிற்று. காலையில் எழுந்தேன், கடைக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

தைல விஷயம் எனக்குத் தெரிந்தது என் வீட்டுக்காரரின் அக்காவால். நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். ராசிபுரத்தில் இருக்கிறார். சந்தைக்கு வந்தவர் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மருமகள் கடைக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நங்கையா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, “ஏனுங்கம்மணி, உங்க மருமவ வாந்தி எடுக்கறா. என்னன்னு கேட்டீங்களா?” என்றார்.

“பித்தமா இருக்குமுங்க.”

“பித்தமா இருந்தாச் சரி,” என்றார். சொல்லிவிட்டுப் பார்த்த பார்வையில் மீதி எல்லாம் இருந்தது. புருஷன் இல்லாத பெண் வாந்தி எடுத்தால் ஊர் எங்கே போய் நிற்கும் என்பது எனக்கும் தெரியும். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் போன பிறகு பின்பக்கம் போனேன். அவள் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. மூக்குக்குக் கீழே தோல் சிவந்து பொறுக்குத் தட்டியிருந்தது. தைல வாசம் அடித்தது.

“என்ன சாமி இது?”

நான் அங்கேயே நின்றேன். எனக்குப் போக வேறு இடமும் இல்லை. கடைசியில் சொன்னாள்.

“பால் வாசம் ஆகலை அத்தை. காயறப்ப வருதே, அந்த வாசம்.”

“எத்தனை நாளா?”

“அன்னிக்குப் பால் தெளிச்சதுல இருந்து.”

சவம் எடுத்த மறுநாள் மயானத்தில் பால் தெளிப்பார்கள். எங்கள் பக்கம் அதற்குப் பெண்களும் போவோம். அவளையும் கூட்டிப்போயிருந்தோம். சொம்பை அவள் கையில் கொடுத்து ஊற்றச் சொன்னது யார் என்று நினைவில்லை. எங்கள் மாட்டுப் பால்தான். அப்போதுதான் கறந்தது, சூடு ஆறாதது. சாம்பலிலும் அடியில் இன்னும் சூடு இருந்தது. பால் பட்டதும் ஒரு ஆவி எழுந்தது. அந்த வாசம் எனக்கும் தெரியும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

“சொல்லியிருக்கலாமே கண்ணு.”

“என்னன்னு சொல்றது? காபிக்கடை வெச்சுக்கிட்டு பால் ஆகலைன்னா என்ன சொல்லுவாங்க? கிளம்புன்னுதான் சொல்லுவாங்க. எங்கம்மா எப்படா கூட்டிட்டுப் போகலாம்னு இருக்காங்க.”

அது உண்மை. ஆத்தூரிலிருந்து அவளுடைய அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் போன் போட்டு, வந்துவிடு, வேறு வழி பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன வயசு, வேறு வழி பார்ப்பதில் தப்பும் இல்லை. ஆனால் அவள் போய்விட்டால் வீட்டில் நானும் வீட்டுக்காரரும்தான். மகன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை. பேச எதுவும் வரவில்லை, அவ்வளவுதான். அவள்தான் இடையில் நின்று, ‘மாமா தண்ணி கேட்டாங்க’, ‘அத்தை தூங்கிட்டாங்க’ என்று எங்களைப் பற்றி எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இருக்க வேண்டும். எனக்கு வேண்டும் என்று இருந்தது அது ஒன்றுதான்.

“பால் இல்லாம காபிக்கடை நடத்த முடியாதா?” என்று கேட்டேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “முடியும். பெங்களூர்ல பாதிப் பேரு அப்படித்தான் கேப்பாங்க. இங்க யாரு குடிப்பா?”

குடிக்கிறார்களா இல்லையா என்று பார்ப்போம் என்றேன். துணிச்சல் எல்லாம் இல்லை. வேறு யோசனை வரவில்லை.

அடுத்து வந்த நாட்களில் மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் ஒவ்வொரு பாலாக வைத்துப் பார்த்தோம். ஓட்ஸ் பாலும் சோயாப் பாலும் பாதாம் பாலும் பெங்களூரிலிருந்து டப்பாவில் வந்தன. தேங்காய்ப் பால் நாங்களே பிழிந்தோம். எங்கள் காட்டில் விளைந்த நிலக்கடலையை ஊறவைத்து அரைத்து அதிலும் ஒரு பால் எடுத்தேன். அது என் யோசனை.

சோயாப் பால் சூடான டிகாஷனில் விழுந்ததும் திரிந்து மோர் மாதிரி ஆனது. அவள் டிகாஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, பாலை முதலில் சூடாக்கி, மெல்ல ஊற்றிப் பார்த்தாள். அப்போது நின்றது. பாதாம் பால் தண்ணீர் மாதிரி. தேங்காய்ப் பால் சூட்டில் எண்ணெய் கக்கியது, ஆனால் ஐஸ் போட்டு நாட்டுச்சர்க்கரை கலந்தால் பிரியாமல் நின்றது. கடலைப் பாலில் பச்சைக் கடலை வாசம் போகவில்லை. கோப்பையை மோந்தால் களத்துமேட்டில் நிற்பது போல் இருந்தது. ஓட்ஸ் பால்தான் நுரை கட்டியது. வீட்டிலேயே ஓட்ஸை அரைத்துப் பார்த்தேன், சளி மாதிரி வழவழவென்று வந்தது. டப்பாவே மேல் என்றாள்.

ருசி பார்க்க வேண்டியது என் வேலை. அவளுக்குக் காபியில் கைப்பழக்கம் உண்டே தவிர, அன்றிலிருந்து அதை வாயில் வைப்பதில்லை. ஒவ்வொன்றாக என்னிடம் நீட்டி, “எப்படி இருக்குது அத்தை?” என்று கேட்பாள். எல்லாம் எனக்கு ஒன்றாகவே இருந்தன. சூடு தெரிந்தது, சில்லிப்பு தெரிந்தது. வேறு எதுவும் நாக்கில் ஏறவில்லை. அதைச் சொன்னால் வருத்தப்படுவாள் என்று, கோப்பையைக் கவனித்து, அடியில் கசடு நின்றால் ‘சுமார்’ என்றும் நிற்காவிட்டால் ‘பரவாயில்லை’ என்றும் சொன்னேன். அதை வைத்துத்தான் எங்கள் கடையில் என்ன பால் என்பது முடிவானது. சூட்டுக்கு ஓட்ஸ், இல்லையென்றால் சோயா. குளிருக்குத் தேங்காய்.

வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணி கரைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“நாளையிலருந்து கடைக்குப் பால் வேண்டாங்க.”

“ஏன்?”

“வேண்டாங்க.”

“நம்ம மாட்டுப் பால்ல என்ன குத்தம் கண்டீங்க?”

“பால்ல குத்தமில்லைங்க. புள்ளைக்கு வாசம் ஆகலைங்க. அன்னிக்குத் தெளிச்சதுல இருந்து.”

அவர் கை தவிட்டுத் தண்ணிக்குள் அப்படியே நின்றது. பிறகு கரைத்தார். மறுநாள் காலை பழக்கத்தில் கேனோடு கடைக்கு வந்துவிட்டார். வாசலுக்கு வராமல் எதிரே புளியமரத்தடியில் மொபட்டை நிறுத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்று, திருப்பிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு ஏணி கொண்டுவந்து, பெயர்ப்பலகையில் ‘எங்கள் தோட்டத்துப் பால்’ என்கிற வரியின் மேல் வெள்ளை அடித்துவிட்டுப் போனார். யாரும் அடிக்கச் சொல்லவில்லை.

இதற்குள் நங்கையா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கேதம் நடந்த வீட்டுக் கடையைப் பால் காய்ச்சாமல் திறந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம், அதனால்தான் பெண்ணுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்றார். நாள் பார்த்தார். ஆத்தூருக்கும் அவரே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் மருமகளின் அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறி வந்து சேர்ந்தார்கள். கடை வாசலில் மூன்று கல் வைத்து, புது எவர்சில்வர் குண்டாவுக்கு மஞ்சள் கயிறு கட்டி, அடுப்பு மூட்டியாயிற்று.

“பால் எங்கீங்க?” என்று நங்கையா கேட்டார்.

மருமகள் உள்ளேயிருந்து ஓட்ஸ் பால் டப்பாக்களைக் கொண்டுவந்து வைத்தாள். “கடையில எது விக்கறோமோ அதையே காய்ச்சலாங்க பெரியம்மா.”

நங்கையா டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல மாடே காணமே?”

“அது மாட்டுப் பால் இல்லைங்க. ஓட்ஸ்.”

“அந்தக் கஞ்சி வெக்கறதா?”

“அதேதாங்க.”

சரி, பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் சாமி என்ன சொல்லப் போகிறது என்று நங்கையாவே சமாதானம் ஆனார். ஆனால் சுமங்கலி கையால் ஊற்ற வேண்டும் என்று டப்பாவை என்னிடம் நீட்டினார். எனக்கு அந்த மூடியைத் திறக்கத் தெரியவில்லை. திருகினேன், இழுத்தேன், வரவில்லை. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். மருமகள் வாங்கி, ஒரு திருகில் திறந்து, உள்ளே இருந்த வளையத்தை இழுத்து, அப்படியே குண்டாவில் ஊற்றினாள். அடுத்த டப்பாவையும் அவளே ஊற்றினாள். நங்கையா வாயைத் திறந்து மூடினார்.

கிழக்கே பார்த்து நின்றோம். பொங்கி வழிந்ததும் கும்பிட வேண்டும். யார் யாருக்கு வேண்டுதல் இருந்ததோ தெரியாது, எனக்கு ஒன்றுதான் இருந்தது. அதையும் கேட்கத் தோன்றாமல் குண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது பொங்கவில்லை. முதலில் ஓரத்தில் லேசாக நுரைத்தது. பிறகு அதுவும் அடங்கியது. விறகைத் தள்ளினோம். நடுவில் ஒரு குமிழி எழுந்து ‘ப்ளக்’ என்று வெடித்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. நங்கையா கரண்டியை விட்டுத் தூக்கினார். கெட்டியாக, நூல் மாதிரி இறங்கியது. அடி பிடித்த வாசம் வந்தது.

எங்கள் கடைக்குத் தினமும் வருகிற ரிக் வண்டி டிரைவர் ஒருவர் இருக்கிறார், திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போட எங்கெங்கோ போவார், ஊரில் இருந்தால் காலையில் எங்கள் வாசலில் நிற்பார். அன்றைக்கும் நின்றார். எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்கக்கா, ஊறுகா இருக்குதுங்களா, இல்ல மோர்மொளகா வாங்கியாரட்டுங்களா?” என்றார்.

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளே இருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகன் போனதற்கு அப்புறம் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்.

அவளுடைய அம்மா சிரிக்கவில்லை. “இதுக்கு மேல என்னாங்க சம்மந்தி வேணும்? பால் பொங்காத எடத்துல எம்பொண்ணை எதுக்கு உட்டு வெக்கணும்? இன்னிக்கே கூட்டிட்டுப் போறோம்,” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் அது. என் கை மட்டும் வேலை செய்தது. வெல்லத்தைத் தட்டிப் போட்டு, ஏலக்காய் நசுக்கிப் போட்டு, அந்தக் கூழைக் கலக்கி, கோப்பைகளில் ஊற்றி, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். கொடுத்ததை வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று வாங்கிக்கொண்டார்கள். குடிக்கத்தான் யோசித்தார்கள். வீட்டுக்காரர் அது வரை புளியமரத்தடியில் நின்றிருந்தார். வந்து ஒரு கோப்பையை எடுத்து முழுவதும் குடித்தார்.

“நல்லாத்தான் இருக்குது,” என்றார். “வெல்லத்துக்குப் பதிலா உப்புப் போட்டிருக்கலாம்.”

சம்மந்தி ஐயா அதற்குச் சிரித்துவிட்டார். அப்புறம் அவரும் குடித்தார். குடித்து முடித்தவர்கள் கோபமாகக் கிளம்ப முடியாது. சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேர் மட்டும் ஆத்தூர் போனார்கள். மருமகள் எங்களோடு வந்தாள்.

கடை அப்படி நடந்தது. உள்ளூர் ஆட்கள் பாதி நின்றுவிட்டார்கள். பால் இல்லாத காபி என்றால் வரக்காப்பி, அதை வீட்டிலேயே குடித்துக்கொள்ளலாமே என்றார்கள். ரிக் டிரைவர் மட்டும் விடாமல் வந்து, ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

“அக்கா, ஓட்ஸ்ல எந்தக் காம்புல கறப்பீங்க?”

“அம்மணிகிட்டக் கேளுங்க.”

“அது ஒதைக்குமுங்களா?”

பெங்களூர் வண்டி, மதுரை வண்டி, ஆஸ்பத்திரிக்குச் சேலம் போய்த் திரும்புகிறவர்கள் என்று வெளியாட்கள் வந்தார்கள். பால் ஒத்துக்கொள்ளாத ஒரு வாத்தியார் மல்லூரிலிருந்து இதற்காகவே வருவார். வெயில் காலத்தில் தேங்காய்ப் பால் குளிர்காபிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். கூட்டம் வந்தால் மருமகளால் கேட்டுக் கேட்டுப் போட முடியவில்லை. நான் தொட்டியை விட்டு வந்து, கல்லாப் பக்கம் நின்று, “எந்தப் பாலுங்க?” என்று கேட்கப் பழகினேன். கேட்பது அந்த ஒரு கேள்விதான். பதிலை உள்ளே சொல்வேன். நாளாக ஆக முகத்தைப் பார்த்தே கேட்க முடிந்தது.

தைல டப்பா அலமாரியில் தூசி படிந்தது. முகக்கவசத்தை விட்டுவிட்டாள். மூக்குக்குக் கீழே தோல் ஆறியது. நான் அதைக் கவனித்தேன். சந்தோஷப்பட்டேனா என்றால் தெரியவில்லை. சரியாக நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. இப்படியே இருந்துவிடும் என்றும் நினைத்துவிட்டேன்.

அந்த வருஷம் தை முடிந்து ஆத்தூரில் அவளுடைய அண்ணன் குழந்தைக்குக் காதுகுத்து. கடையைப் பூட்டிவிட்டு நானும் அவளும் போனோம். மாட்டை விட்டுவிட்டு வர முடியாது என்று வீட்டுக்காரர் வரவில்லை. நாமகிரிப்பேட்டை வழியாகப் போகிற பஸ். வழி முழுக்க மரவள்ளிக் காடும் மஞ்சள் காடும். அவள் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வந்தாள். தலை என் தோளில் சாய்ந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

மண்டபத்துக்குப் பின்னால் பந்தல் போட்டுச் சமையல். பெரிய பாத்திரத்தில் பால் காய்ந்துகொண்டிருந்தது. சமையல்காரர் டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கை கழுவக் குழாய்க்குப் போனபோது நான் அதைப் பார்த்தேன். மருமகள் அந்த அடுப்புக்குப் பக்கத்தில், சித்தி பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் காகிதக் கோப்பை. பேசிக்கொண்டே குடித்தாள். யாரோ ஏதோ சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி குடித்தாள். பக்கத்தில் பால் பொங்கி, சமையல்காரர் தண்ணீர் தெளித்து அடக்கினார். ஆவி அவள் முகத்தில் அடித்தது. அவள் ஒரு அடி நகர்ந்துகொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். அவ்வளவுதான்.

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மூடவில்லை.

சம்மந்தியம்மா பக்கத்தில் வந்து குழாயை மூடினார். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா சம்மந்தி?”

“பாத்தனுங்க.”

“ஒரு எடம் வந்திருக்குது. கெங்கவல்லிப் பக்கம். பையனுக்கு மொதல் சம்சாரம் செத்துப்போச்சு, கொழந்தை இல்ல. தன்மையான குடும்பம். இவகிட்டச் சொன்னா வாயே தொறக்க மாட்டேங்கறா. அத்தைக்கு யாரு இருக்கான்னு கேக்கறா. நான் என்னா பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க.”

அவர் குரலில் சண்டை இல்லை. அன்றைக்குப் பொங்காத பாலுக்குக் கோபித்துக்கொண்டவர் மாதிரியே இல்லை. பெண்ணைப் பெற்றவர். “புள்ளைகிட்ட நான் சொல்றனுங்க,” என்றேன்.

சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டுப் பக்கத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“டீ குடிச்சியா சாமி?”

“ம், குடிச்சேன் அத்தை.” சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. கையைப் பார்த்தாள். கோப்பை எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. “பால் டீ,” என்றாள். பயந்த மாதிரி இருந்தது முகம். “ஒண்ணும் ஆகலை. எனக்கே தெரியலை.”

“நல்லதுதானே கண்ணு.”

“நல்லதா?”

“நல்லதுதான்.”

அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், தலையைக் குனிந்துகொண்டு. அவனை மறந்துவிட்டோமோ என்று அழுதாளா, வேறு எதற்காவதா, நான் கேட்கவில்லை. முந்தானையை நீட்டினேன். துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் யாரோ பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இங்கயே ரெண்டு நாளைக்கு இரு,” என்றேன்.

“கடை?”

“நான் பாத்துக்கறேன்.”

“உங்களுக்கு மிஷின் ஓட்டத் தெரியாதே.”

“நீ ஓட்டறதப் பாத்துட்டுத்தானே நின்னேன் இத்தனை நாளும்.”

“பாக்கறது வேற அத்தை.”

“தெரியும் சாமி. இரு.”

அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டாள். ஜன்னல் வழியே தாம்பூலப் பையைக் கொடுத்தாள். பஸ் எடுக்கும் வரை நின்றாள். திரும்பிப் பார்த்தேனா என்று எனக்கு நினைவில்லை. மரவள்ளிக் காடு வந்தது, மஞ்சள் காடு வந்தது. பக்கத்து இடத்தில் ஒரு கோழிப் பண்ணைக்காரர் உட்கார்ந்து வழி முழுக்க முட்டை விலை பேசிக்கொண்டு வந்தார். ஆமாங்க, ஆமாங்க என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

“புள்ளை?”

“அங்க இருக்குதுங்க.”

“எப்ப வருது?”

இடையில் சொல்ல யாரும் இல்லை. நானே சொல்ல வேண்டியிருந்தது. டீ குடித்ததைச் சொன்னேன். கெங்கவல்லி இடத்தைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு தடவை, “வாசம் ஆகுதா இப்போ?” என்று கேட்டார். ஆகுதுங்க என்றேன். சரி என்று எழுந்து தொட்டிக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

மறுநாள் கடையைத் திறந்தேன். மிஷினை அவள் செய்வது போலவே செய்து சூடேற்றினேன். மத்தியானம் போன் வந்தது.

“கடை தொறந்தீங்களா அத்தை?”

“தொறந்தனே.”

“யாரு வந்தாங்க?”

“பெங்களூர் வண்டி ஒண்ணு. ரெண்டு பேருக்கும் ஓட்ஸ்.”

“நுரை வந்துச்சா?”

“வரலை. அப்படியே குடுத்துட்டேன்.”

“ஆவி வர்ற குழாய் முனையைப் பால் மேலாப்புல வெக்கணும் அத்தை. ரொம்ப உள்ள உட்டுட்டீங்க. கொறகொறன்னு சத்தம் வந்துச்சுன்னா தப்பு. துணி கிழியற மாதிரி லேசா வரணும்.”

“சரி சாமி.”

“குடிச்சாங்களா?”

“குடிச்சாங்க.”

அவள் பக்கம் பின்னால் குழந்தை அழுவது கேட்டது, காது வலிக்கும் போல.

“கெங்கவல்லிக்காரங்க ஞாயித்துக்கெழமை வர்றாங்களாம் அத்தை. பாக்கறதுக்கு. அம்மா சொன்னாங்க. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை.”

“வரச் சொல்லு,” என்றேன்.

“நீங்க?”

“நானும் மாமாவும் வாரோம். நீ என்ன சீலை கட்டறேன்னு பாத்து வெய்யி.”

அவள் ம் என்றாள். போனை வைத்தது அவளா நானா தெரியவில்லை. வெளியே ஒரு கார் வந்து நின்றது. ஒரு அம்மாவும் மகளும் இறங்கி வந்தார்கள். கல்லாப் பக்கம் போய் நின்று, எந்தப் பாலுங்க என்று கேட்டேன். மகள் ஓட்ஸ் என்றாள். அம்மா, எனக்குச் சாதாரணப் பால்தான் வேணும் என்றார். அது இங்கே இல்லைங்க என்று சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்து ஊற்றி, குழாய் முனையை மேலாகப் பிடித்தேன்.